அண்ணா சொல்லிவிட்ட இறால் சொதி

அண்ணாவின் நினைவு மலருக்கு இதை எழுதாமல் விடத்தான் இருந்தேன். ஆண்டு ஒன்பதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அம்மா விடவில்லை.

அண்ணா பிறந்தது கொக்கிளாயில். வளர்ந்தது பாதி, இடம்பெயர்ந்த முகாம்களில் தறப்பாளுக்குக் கீழே. ஊர் திரும்பியபோது அப்பா இல்லை. களப்பில் இறாலுக்கு வலை போட்டு அண்ணாதான் எங்களைப் பார்த்தார். அவர் கோபமே படாதவர் என்று எழுதச் சொல்கிறார்கள். என் முதுகைக் கேளுங்கள். கலியாணம் பேசினால், "முதலில இவனை ஆராவது கொண்டுபோகட்டும்" என்பார்.

கடைசிக் காலையில் அம்மா பூசைக்குப் போயிருந்தார். அண்ணா என்னை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் பஸ் தரிப்பில் இறக்கிவிட்டுக் களப்புக்குப் போனார். தோணியிலேயே நெஞ்சு வலி. நான் முல்லைத்தீவில் இறங்க முன்னரே போன் வந்துவிட்டது.

"கடைசியா உனக்கு என்னடா சொன்னவன்?"

அம்மா ஒரு வருடமாக இதையே கேட்டார். எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. முப்பத்தோராம் நாள் முடிந்த கையோடு அவருடைய உடுப்பு, வலை எல்லாம் கொடுத்துவிட்டோம். சத்தம் கேட்டால் அம்மா வாசலுக்கு ஓடுகிறார் என்று மோட்டார் சைக்கிளை என் கூட்டாளி டிலக்சனிடம் விட்டோம். சுவருக்கும் புதுப் பெயின்ட். வீடு துடைத்துவிட்டது போலிருந்தது, என் மண்டையும்.

போன கிழமை இந்த மலருக்குப் படம் கொடுக்க டிலக்சனுக்குப் பின்னால் ஏறினேன். கிழிந்த சீற் தொடையில் குத்தியது. மட்காட் கடகடத்தது. அதே தரிப்பில் இறங்கக் காலைத் தூக்கியபோது அண்ணாவின் குரல் அப்படியே வந்தது:

"இண்டைக்கு இறால் படும். மத்தியானம் சொதி வைக்கச் சொல்லி அம்மாவுக்குப் போன் எடு. மறந்திடாதை, மண்டு."

மறந்துவிட்டேன். ஆனால் அது அழிந்திருக்கவில்லை. அதைக் கூப்பிடக்கூடிய சாமான்களைத்தான் நாங்கள் வீட்டைவிட்டு அனுப்பியிருந்தோம்.

அம்மாவிடம் சொன்னேன்.

"இவ்வளவுதானா?" என்றார். எழுந்து அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "தேங்காய் கிடக்கு. இறாலுக்கு ஆர் போறது?"

அண்ணாவைத் தோணியிலிருந்து தூக்கி வந்தவர்களுக்கும், ஆஸ்பத்திரி வாசலில் எங்களோடு நின்றவர்களுக்கும், குழி வெட்டியவர்களுக்கும் நன்றி. நினைவுநாள் மத்தியானம் இறால் சொதி இருக்கும். ஒரு வருடம் பிந்திவிட்டது. இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

இறால் வாங்கப் போக மோட்டார் சைக்கிளை ஒருக்கால் தருவாயா என்று டிலக்சனைக் கேட்டேன்.

"திறப்பு அதிலதான் செருகிக் கிடக்கு, இனிக் கேக்காமல் எடு."