பகலில் தூங்குகிறவள்

அம்மா வைத்த பெயர் பெரியநாயகி. அம்மா கூப்பிடும் பெயர் மூதேவி. புருஷன் லாரியோடு வடக்கே போகிறவன். இவள் குமாரபாளையத்தில் ராத்திரி ஷிப்டில் விசைத்தறி ஓட்டுகிறாள். விடிந்து வந்து சோறாக்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தலை சாய்த்தால் சாயங்காலம்தான் எழுவாள். அடுத்த தெருவில் இருக்கும் அம்மா சென்னியம்மாளுக்கு அது ஆகவே ஆகாது. "பட்டப்பகல்ல தூங்கறா பாரு, மூதேவி! இவளாலதான் நம்ம கெணறு வத்துச்சு" என்பாள். ஊர்க் கிணறெல்லாம்தான் வற்றியது; பழி மட்டும் இவளுக்கு.

தறிக்கூடத்து மேஸ்திரி தண்டாயுதபாணி புராணம் கேட்பதில் பிரியமுள்ளவர். ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார்: "மூதேவின்னா மூத்த தேவி, அம்மிணி. லட்சுமிக்கு அக்கா. பாற்கடல்ல மொதல்ல வந்தவளே அவதான். ஒரு காலத்துல அவளையும் கோயில்ல வெச்சுக் கும்புட்டிருக்காங்க."

"அப்ப எங்கம்மா என்னைய அக்கான்னுதான் கூப்புடறாங்களாட்டம் இருக்குதுங்க" என்றாள் பெரியநாயகி. எல்லோரும் சிரித்தார்கள். அவள் கண் கலங்கியதை யாரும் கவனிக்கவில்லை. தங்கையைப் பூசையறையில் வைத்துக்கொண்டு அக்காளை வசவாக்கித் தெருவில் விட்டிருக்கிறோம். நல்ல நியாயம்தான்!

தம்பி தனபாலுக்குக் கலியாணம் முடிவானது. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் கூறைச்சேலை உடுத்தி இணைச்சீர் செய்த பிறகுதான் அவர்கள் பக்கம் முகூர்த்தம். அந்தச் சீரைச் சித்தப்பா மகள் சண்முகப்பிரியா செய்யட்டும் என்றாள் சென்னியம்மாள். "இந்த மூதேவிய முன்னால நிறுத்தி எம் பையன் வாழ்க்கையக் கெடுக்கோணுமா?"

தனபால் வாயே திறக்கவில்லை. அம்மாவின் பேச்சு பழகிப்போனது; இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியின் மௌனம்தான் அவளைச் சுட்டது. 

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் தூங்கி எழுந்து கதவைத் திறந்தாள். வாசற்படியில் தனபால் உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் வேர்வை. மடியில் ஜவுளிக்கடைப் பை.

"எப்படா வந்தே? கதவத் தட்டறதுக்கென்ன?"

"மத்தியானமே வந்துட்டேன்க்கா. ராத்திரி பூரா நின்னுட்டு வந்து தூங்கறே. எழுப்ப மனசு வரல." பையை நீட்டினான். "கூறைச்சேலை. உனக்குன்னு சொல்லித்தான் எடுத்தேன். அம்மாகிட்டயும் சொல்லிப்போட்டேன்."

பெரியநாயகி நிலைப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அவள் தூங்கட்டும் என்று பிறந்த வீட்டில் இதுவரை யாரும் காத்திருந்ததில்லை.