முதுகில் ஒட்டிய பட்டைத்தூள்

வாசகசாலைப் பலகையில் இதை ஒட்டும்போதே கை கூசுகிறது.

நெடுந்தூர ஓட்டப் பந்தயத்துக்காக, பாலாற்று மணலில் ஈரத்தோலைத் தோளில் சுமந்துகொண்டு ஓடிப் பழகுகிறேன் என்று உங்களிடம் எவ்வளவு பீற்றிக்கொண்டேன்!

இன்று காலை வாணியம்பாடியிலிருந்து ஆம்பூருக்கு நிற்காமல் ஓடிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். பாதி வழியில் கால் வரமாட்டேன் என்றது. தோல் பதனிடும் ஷாப்புக்கு ஆவாரம்பட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வந்தது. ஏறி, மூட்டைமேல் மல்லாந்துவிட்டேன்.

ஊர் எல்லையில் இறங்கி, மறுபடி ஓட்டம்.

காபி கிளப் வாசலில் நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். "நிக்காமயே ஓடியாந்துட்டான்பா!"

என்னோடு ஓடிப் பழகும் ரஹீம் மட்டும் என் பின்னால் வந்து நின்றான். வியர்த்த முதுகு முழுக்கப் பட்டைத்தூள் அப்பியிருந்திருக்கிறது. யாரும் பார்ப்பதற்குள் தன் துண்டால் துடைத்துவிட்டான்.

"முடியலன்னா நடந்தே வந்திருக்கலாமே, தோஸ்து" என்றான், என் காதுக்கு மட்டும்.

அவன் சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

நாளைக்கும் அதே சாலையில் ஓடப்போகிறேன். கூட வருகிறவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். மாட்டுவண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.