முதுகைக் காட்டி நின்ற பெண்

இந்தப் பனிநாட்டில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லம் ஹவுகெட்டோ ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. பின்பக்கம் காடு, காட்டைத் தாண்டினால் ஏரி. இந்த ஊர்க்காரருக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஏரி உறைந்த பிறகு ஐஸை வெட்டிக் குழியாக்கி அதற்குள் இறங்கிக் குளிப்பார்கள். ஏழாம் அறைப் பெரியவரும் ஒரு காலத்தில் அப்படிக் குளித்தவர்தான். பெற்ற மகளின் பெயரே அவருக்கு மறந்துவிட்டது; குளித்த கதை மட்டும் மறக்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், ஜனவரியில் ஒரு காலை, சாப்பாட்டுத் தட்டோடு போனேன். கட்டில் காலி. பின்கதவு திறந்து கிடந்தது. வெளியே இரத்தம் உறையும் குளிர். நானும் என்னோடு வேலை செய்யும் நர்ஸும் ஆளுக்கொரு பக்கம் தேட ஓடினோம். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. எனக்குக் கிடைத்தது காட்டுப் பாதை.

நமக்குப் புல்லில் படிவதும் பனி, கண்ணை மறைப்பதும் பனி, கொட்டிக் குவிவதும் பனி. இவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அன்று கிடந்தது அரிசிமா போல உலர்ந்த புதுப்பனி. துகள்களுக்கு நடுவே காற்று நிறைந்திருப்பதால் அது சத்தத்தைக் குடித்துவிடும். அவரைப் பெயர் சொல்லிக் கத்தினேன். என் குரல் வாயை விட்டு வெளியே போனதாகவே தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

ஏரிக்குச் சற்று முன்னால், ஒரு கிளையில் அவருடைய கம்பளிச் சட்டை தொங்கியது. பக்கத்துக் கிளையில் காற்சட்டை. கீழே சப்பாத்துகள்.

அப்பாடா என்றிருந்தது. மனுசன் குளிக்கப் போயிருக்கிறார்! எங்கள் ஊரில் வேலியில் சட்டை தொங்கினால் கிணற்றடியில் ஆம்பிளை குளித்துக்கொண்டு நிற்கிறார் என்று அர்த்தம். அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது. ஐம்பது வயதிலும் அந்தப் பழக்கம் என் கழுத்தைப் பிடித்துத் திருப்பியது. அந்த வயதில் ஐஸ் குழியில் இறங்கினாலே ஆபத்து என்பதுகூட இந்த மண்டையில் ஏறவில்லை. சட்டைக்கும் ஏரிக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பின்னால் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம். ‘ஆள் நிற்கிறேன், திரும்பாதே’ என்று எச்சரிக்கும் செருமல் என்று நினைத்தேன். மரியாதையாக இன்னும் இரண்டடி தள்ளிப் போனேன்.

அந்தப் பிள்ளை மூச்சிரைக்க வந்தாள். “அன்ரி, ஏன் அங்காலை பார்த்துக்கொண்டு நிக்கிறியள்?”

“அவர் குளிக்கிறார் பிள்ளை. உடுப்பெல்லாம் இஞ்சை கிடக்கு.”

அவள் முகம் வெளிறியது. “ஐயோ அன்ரி, குளிக்கக் கழட்டேல்லை! விறைச்சுச் சாகப்போற ஆக்களுக்குக் கடைசியிலை உடம்பு எரியும். எல்லாத்தையும் கழட்டிப்போட்டு எங்கையாவது பூந்து படுத்திடுவினம்.”

குளிரில் தோலின் இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் உடல், களைத்துக் கைவிடும்போது, சூடான இரத்தம் தோலுக்குப் பாய்கிறதாம். இதைப் பிறகுதான் அவள் விளக்கினாள்.

அவர் ஏரியில் இல்லை. நான் நின்ற இடத்துக்கு நாலடி பின்னால், தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் சுருண்டு கிடந்தார். மரத்திலிருந்து சரிந்த பனி அவருடைய காலடிகளை மூடியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. அவை என்னைத்தான் பார்த்தன.

பிழைத்துவிட்டார். இரண்டு கால்விரல்கள் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது பழைய கதை போய்ப் புதுக் கதை ஒன்று வந்திருந்தது. கஞ்சி ஊட்டும் என்னிடமே அதைச் சொல்வார்.

“காட்டில் ஒரு பெண் நின்றாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன், தள்ளிப் போனாள். யார் அவள்?”

“தெரியாது” என்பேன். பல மாதங்கள் அப்படித்தான் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

ஒரு நாள் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். “அது நான்தான். நீங்கள் குளிக்கிறீர்கள் என்று நினைத்தேன்.”

என்னை உற்றுப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “பரவாயில்லை” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். ரயிலில் வீடு போய்ச் சேரும்வரை நிம்மதியில் அழுதேன்.

மறுநாள் முதல் கரண்டிக் கஞ்சியை விழுங்கிவிட்டுக் கேட்டார்: “காட்டில் ஒரு பெண் நின்றாள். யார் அவள்?”

இப்போது பயமில்லை. “அது நான்தான்” என்றேன்.

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார்.