வேலூர் கோர்ட்டில் நான் சொன்ன சாட்சி

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருப்பவர்களில், தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்து மேலே வந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்கு அப்பன் வைத்துவிட்டுப் போனது, அல்லது மாமனார் கொடுத்தது. எனக்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. பத்து வயதில் கூலிக்குத் தொட்டியில் இறங்கினேன். நாற்பது வயதில் எனக்கே பன்னிரண்டு தொட்டி இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்தது ஒன்றரை வருஷம். என் பேரை எழுதக் கற்றதே கல்யாணத்துக்குப் பிறகுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எம்.ஏ. படித்தவனை வைத்துக் கடிதம் எழுத வைத்தவன் நான்.

வேலூர் கோர்ட்டில் ஜட்ஜ் துரை எனக்கு நன்றி சொன்ன கதையை எங்கள் ஊரில் கேட்காதவர் கிடையாது. கல்யாண வீட்டில், கருமாதி வீட்டில், ரயிலில் எதிரில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதையில் நான் சொல்லாமல் விட்ட பாகத்தை இப்போது எழுதுகிறேன்.

செஷன்ஸ் கோர்ட்டில் பெரிய வழக்கு நடக்கும்போது ஜட்ஜுக்குப் பக்கத்தில் ஊர்க்காரர்கள் நான்கு பேரை உட்கார வைப்பார்கள். வழக்கு முழுவதையும் கேட்டுவிட்டு, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், குற்றம் செய்தவனா இல்லையா என்று அவர்கள் அபிப்பிராயம் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அசெசர் என்று பேர். வரி கட்டுகிறவர்கள் பட்டியலைப் பார்த்துச் சம்மன் அனுப்புவார்கள். எங்கள் ஜனத்தில் அதுவரை அந்தக் கோர்ட்டுக்குப் போனவர்கள் எல்லாம் கூண்டில் நிற்கப் போனவர்கள். உட்காரப் போனவன் நான்தான் முதல். புதுக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, ஜட்கா வண்டி பிடித்துப் பாலாற்றைத் தாண்டிப் போனேன்.

வழக்கு ஒரு பெண்ணைக் கெடுத்த வழக்கு. பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். எங்கள் ஜனம்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில், தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிறவள். அங்கே மேஸ்திரியாக இருந்தவன் எதிரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தொட்டிகளில் ஆள் இல்லாத நேரம், பட்டைக் கூடையை எடுத்து வா என்று அவளைக் கூப்பிட்டு, சுண்ணாம்புத் தொட்டிகள் இருக்கும் கொட்டகைக்குள் இழுத்துப் போய் பலாத்காரம் செய்தான் என்று சர்க்கார் வக்கீல் சொன்னார்.

அவள் அதை யார் யாரிடம் சொல்ல வேண்டியிருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முதலில் போலீஸ் ஸ்டேஷன். அங்கே எழுதிக்கொள்ளவே ஒன்றரை நாள். பிறகு டாக்டர். பிறகு கீழ்க்கோர்ட்டில் மாஜிஸ்திரேட். இப்போது இங்கே. ஒவ்வொரு இடத்திலும் ஆரம்பத்திலிருந்து. ஒரு இடத்தில் சொன்னதற்கும் இன்னொரு இடத்தில் சொன்னதற்கும் ஒரு சொல் வித்தியாசம் இருந்தால் எதிரியின் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் தொங்கினார்.

அவளுடைய புருஷன் பட்டை வண்டி ஓட்டுகிறவன். கோர்ட்டு வாசலில் புங்க மரத்தடியிலேயே உட்கார்ந்திருப்பான், உள்ளே வரமாட்டான். அவளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு அவன் சொன்னது கோர்ட்டு முழுக்கத் தெரிந்திருந்தது. "கோர்ட்டு நெசம்னு சொல்லட்டும், அன்னிக்கே வண்டி கட்டிக்கினு வந்து கூட்டிக்கினு போறேன்." அவள் அந்த வாக்கை நம்பித்தான் அத்தனை படியும் ஏறினாள்.

சம்பவம் நடந்த மூன்றாம் நாள்தான் டாக்டர் அவளைப் பார்த்திருக்கிறார். அதற்குள் அவள் குளித்திருந்தாள், சேலையைத் துவைத்திருந்தாள்.

"இவ்வளவு பெரிய அக்கிரமம் நடந்துச்சுன்னு சொல்றே. அத்தாட்சியை ஏம்மா ஆத்துல விட்டே?" என்று எதிரியின் வக்கீல் கேட்டார்.

"தோல் ஷாப்புல வேலை செய்றவங்க குளிக்காம வீட்டுக்குள்ள போக மாட்டோம் சாமி. நாத்தம்."

நாத்தம் என்றதும் நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த வழக்கம் எனக்குத் தெரியும். தோல் வேலை செய்கிற எந்தப் பெண்ணும் ஆற்றில் முங்காமல் அடுப்பங்கரைக்குப் போகமாட்டாள்; கை தானாகப் போய்ச் சேலையைக் கசக்கும்.

ஆகையால் டாக்டர் எழுதிய சீட்டில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. முதுகிலும் இடுப்பிலும் தோல் வெந்த புண். தொட்டியோரம் கொட்டி வைத்த சுண்ணாம்புச் சேற்றில் அவளைப் போட்டு அழுத்தியதால் வந்தது என்று சர்க்கார் வக்கீல் சொன்னார். தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் இருக்கிற புண்தான் என்று எதிரியின் வக்கீல் சொன்னார். டாக்டருக்குத் தெரியவில்லை. ஜட்ஜ் துரை வெள்ளைக்காரர், அவருக்கும் தெரியவில்லை. மற்ற மூன்று அசெசர்களில் ஒருவர் ஜவுளி, ஒருவர் அரிசி, ஒருவர் நிலம் வைத்திருக்கிற மிட்டாதார். துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இந்தத் தொழில் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். முப்பது வருஷத்தில் அந்த மாதிரி ஒரு கேள்வியை ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை. அசெசருக்கு விஷயம் தெரிந்தால் அவரும் சத்தியம் செய்து கூண்டில் ஏறித்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். ஏறினேன்.

எதிரியின் வக்கீல் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "சுண்ணாம்பு பட்டா தோல் வெந்து புண்ணாகுமா?"

"ஆவும்."

"அது தொழில் செய்யறவங்க எல்லாருக்கும் சகஜமா?"

"சகஜம்தான். எனக்கே கீது, பாருங்க."

கோட்டுக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி இரண்டு கையையும் நீட்டினேன். விரலிலிருந்து முழங்கை வரைக்கும் வெந்து ஆறி, வெந்து ஆறி, ஆட்டுத் தோல் மாதிரி இருக்கும். துரை நாற்காலியை விட்டு எழுந்து குனிந்து பார்த்தார். எத்தனை வருஷம் என்று கேட்டார். பத்து வயதில் இறங்கியதிலிருந்து பன்னிரண்டு தொட்டி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை. சர்க்கார் வக்கீல் ஒரே கேள்வி கேட்டார், பெண்கள் சுண்ணாம்புப் பக்கம் போவார்களா என்று. என் ஷாப்பில் விடமாட்டேன், சில ஷாப்பில் ஆட்டு மயிர் அலசப் போவார்கள் என்றேன். அதுவும் நிஜம். அவர் உட்கார்ந்துவிட்டார். துரை எனக்கு நன்றி சொன்னார்.

அபிப்பிராயம் கேட்டபோது நான்கு பேரும் ஒன்றாகச் சொன்னோம், குற்றம் ருசுவாகவில்லை என்று. மேஸ்திரி அன்று சாயங்காலமே வெளியே போய்விட்டான். அவளுடைய அம்மா வராந்தாவில் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள். திட்டுவாளோ என்று நினைத்தேன். மகளைக் கூட்டிக்கொண்டு படி இறங்கினாள். மரத்தடியில் புருஷன் இல்லை.

அடுத்த சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். என் பெஞ்சாதி முதுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். கோர்ட்டுக் கதையை அவளுக்கு நாலாவது தரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கையைக் காட்டினது சரி," என்றாள். "இந்தக் கை பட்டா என் பொடவையே கிழியுது. முதுகைக் காட்டியிருந்தா துரை நம்பியிருக்கவே மாட்டாரு. பொறந்த புள்ள முதுகு மாதிரி கீது."

எனக்குக் கேட்டது. உடனே புரியவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் தலையில் விழுந்த பிறகுதான் புரிந்தது.

"இன்னா, உக்காந்தபடியே தூங்கிட்டீங்களா?" என்றாள்.

திங்கட்கிழமை ஷாப்பில் சுண்ணாம்புக் கொட்டகைக்குப் போனேன். பதினெட்டு ஆள், இடுப்பில் ஒரு துணியோடு. ஒவ்வொருவன் பின்னாலும் போய் நின்றேன்.

"இன்னா மொதலாளி, பொண்ணு குடுக்கற மாதிரி சுத்திச் சுத்திப் பாக்கறீங்க?" என்றான் ஒருவன்.

"முதுகைக் காட்டுடா."

"காட்டறேன். அழுக்கு ஜாஸ்தி கீது, கோச்சுக்காதீங்க."

கை வெந்திருந்தது, கால் வெந்திருந்தது, முழங்கால் வெந்திருந்தது. பதினேழு முதுகில் ஒன்றும் இல்லை. பதினெட்டாவது ஆளுக்கு மட்டும் தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரைக்கும் வெள்ளையாக வடு. எப்படி வந்தது என்று கேட்டேன். "மறந்துட்டீங்களா மொதலாளி? அந்த வருஷம் மழைல வழுக்கித் தொட்டிக்குள்ள மல்லாக்க விழுந்தேனே. நீங்கதான் முடியப் புடிச்சி இழுத்தீங்க."

சுண்ணாம்பில் நின்றால் கால் வேகும், குனிந்தால் கை வேகும். முதுகு வேக வேண்டுமென்றால் அதில் படுக்க வேண்டும், அல்லது யாராவது படுக்கப் போட வேண்டும். அந்தக் கோர்ட்டில் இது தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.

வேலூரில் ஒரு வக்கீலிடம் போனேன். திரும்பக் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும் என்றேன்.

"நீங்க சொன்னதுல பொய் இல்லையே," என்றார். "கேட்டதுக்குப் பதில் சொன்னீங்க. முதுகைப் பத்தி யாரும் கேக்கல."

"நான் சொல்லியிருக்கணும்."

"விடுதலை ஆன வழக்குங்க. அப்பீல் போறதுன்னா சர்க்கார்தான் போகணும். ஒரு பட்டை இடிக்கிற பொம்பளைக்காக சர்க்கார் போகாது. நீங்க பேஜார் பண்ணிக்காம வீட்டுக்குப் போங்க."

வீட்டுக்குப் போகவில்லை. நான் ஒரு காரியத்தை எடுத்தால் விடுகிற ஆள் இல்லை. அவளுடைய புருஷன் ஊருக்குப் போனேன். அவன் மாட்டுக்கு லாடம் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் மாட்டின் காலை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீங்க சொல்றது நெசமா இருக்கலாம் பெரியவரே," என்றான். "ஊர்ல என்னைக் கேக்கறவனுக்கு நான் இன்னாத்தைக் காட்டறது?"

"உங்க ஊர்ப் பெரியவங்களைக் கூப்பிடு. என்னைக் காட்டு."

அரச மரத்தடியில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவர்கள் முன்னால் கோட்டைக் கழற்றினேன், சட்டையைக் கழற்றினேன், திரும்பி நின்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சுண்ணாம்பில் முப்பது வருஷம் கிடந்த முதுகு இது, ஒரு வடு இருந்தால் காட்டுங்கள் என்றேன். அவர்களில் வயசான ஒருவர் மட்டும் கிட்டே வந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"இதை ஏன் அங்க காட்டல?" என்று கேட்டார்.

சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"ஜட்ஜே கேட்டு முடிச்சதை நாங்க திருப்பிக் கேக்கறது முறையில்ல," என்றார். "அவன் பொஞ்சாதி, அவன் இஷ்டம்."

புருஷன் வண்டி கட்டினான். நானும் ஏறிக்கொண்டேன். வழியில் அவன் இரண்டு தரம் வண்டியை நிறுத்தினான். அவனே மறுபடி ஓட்டினான்.

அம்மா வீட்டு வாசலில் அவள் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து முறத்தைக் கீழே வைத்தாள். நடந்ததையெல்லாம் அவன்தான் சொன்னான். நான் சொன்ன புதுச் சாட்சியை, என் முதுகை, ஊர்ப் பெரியவர் தடவிப் பார்த்ததை.

"அப்போ இவரு சொன்னாருன்னு வந்தியா?" என்று கேட்டாள்.

"கோர்ட்டுல தப்பா பூடுச்சு. இப்பதான் தெரிஞ்சுது."

"நான் சொன்னப்போ தெரியல."

அவள் அம்மா உள்ளேயிருந்து, "போயேன்டி, வண்டி கட்டிக்கினு வந்துகீறான்," என்றாள். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அய்யா, நம்ம ஆளு ஒருத்தர் உக்காந்துகீறாருன்னு எங்கம்மா சொல்லிச்சு. மத்தவங்களைப் பாத்தா நாக்கு ஒட்டிக்கும், அவரைப் பாத்துச் சொல்லுன்னுச்சு. நாலு நாளும் உங்க மூஞ்சியைப் பாத்துதான் சொன்னேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"இனிமே யார்கிட்டயும் சொல்றதா இல்ல," என்றாள். "நெசம்னும் யாரும் எனக்கு வந்து சொல்ல வேணாம்."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே நெல் புடைக்கிற சத்தம் கேட்டது. புருஷன் இருட்டுகிற வரைக்கும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். பிறகு என்னை ஆம்பூர் ரோட்டில் இறக்கிவிட்டு, கும்பிடாமல் போனான். அடுத்த வருஷம் அவள் தன் அண்ணனோடு கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

படுத்தால் அந்தக் கோர்ட்டு ஹால் வருகிறது. அவள் கூண்டில் நிற்கிறாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயசைக்கிறாள். நாலு நாள் சொன்னதில் குளியலைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு பதிலைத் தவிர ஒரு வார்த்தைகூட என் காதில் தங்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் நின்று துரைக்கு மொழிபெயர்த்துச் சொன்ன குமாஸ்தாவின் குரல்தான் கேட்கிறது. அவன் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போகிறான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது.