மாரியம்மன் கோயில் சாவியும் நர்சம்மாவும்

ஜவ்வாது மலைக்கு நர்ஸ் வேலைக்குப் புறப்பட்டபோது ஒடுகத்தூரில் எங்கள் சபையே எழுந்து நின்று எனக்காக ஜெபம் செய்தது. "மலைமேல விளக்கா இரும்மா" என்றார் போதகர். எரிய எனக்கும் ஆசைதான். ஆனால் ஜமுனாமரத்தூரைத் தாண்டியிருந்த அந்த ஊரில், சத்து மாத்திரையைக் கோழிக்குப் போடும் கர்ப்பிணிகளிடம் கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போனது. சுவிசேஷம் சொல்லக் குரல் மிச்சமில்லை.

ஊரில் நான் ஒருத்திதான் கிறிஸ்தவள். மற்ற எல்லாரும் மாரியம்மன் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் ஒரு அண்ணனும் தம்பியும், கோயில் சாவி யாரிடம் இருப்பது என்று ஒருநாள் காலையில் அடித்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு நெற்றி கிழிந்தது, தம்பிக்கு முழங்கை வீங்கியது. ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்காரவைத்து மருந்து போட்டேன்.

"சாமி வூட்டு சாவிக்கா மண்டைய ஒடச்சிக்கினீங்க? அந்த ஆத்தாவே காறித் துப்பும்!" என்றேன். சபையில் இப்படிப் பேசச் சொல்லித்தரவில்லை, தானாக வந்தது.

அண்ணன் மடியிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "நீங்களே வெச்சிக்கோங்க நர்சம்மா. உங்களுக்குத்தான் எங்க சாமி வேணாமே. எந்தப் பக்கமும் சாய மாட்டீங்க."

தம்பியும் தலையாட்டினார். அண்ணன் சொல்லுக்கு அவர் தலையாட்டி ஊர் பார்த்ததில்லை.

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் சாவி. வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஆளுக்கொரு திசை பார்த்தபடி வந்து நின்றார்கள். வந்தவர்களுக்கு டீ போட்டேன். என் அடுப்பு மெதுவாகத்தான் எரியும். அதுவரை எவ்வளவு நேரம் சுவரையே பார்ப்பது? சாமை விளைச்சல் பற்றி ஒருவர் முனகினார், மாட்டுக்குக் கழிச்சல் என்றார் மற்றவர். சில மாதங்களில், "அண்ணே, நேரமாவுது, வா போலாம்" என்று தம்பி கூப்பிடும் சத்தம் என் வாசல்வரை கேட்டது.

லீவில் ஒடுகத்தூர் போனபோது போதகரிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"கோயில் சாவியா? எங்கம்மா வெச்சிருக்க?"

"பைபிள் மேலதாங்க ஐயா. அங்க வெச்சா யாரும் எடுக்க மாட்டாங்க."

கண்களை மூடினார். ஜெபித்தாரா, சிரிப்பை அடக்கினாரா தெரியவில்லை.

"ஆண்டவரு பேதுருகிட்டயும் பரலோகத்துச் சாவியத்தானேங்க ஐயா குடுத்தாரு?"

"அது வேற சாவிம்மா" என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, "சரி, தொலைச்சிடாத" என்றார்.

அந்த வருடத் திருவிழாவில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து கதவைத் திறந்தார்கள். நான் வெளியே புளியமரத்தடியில் நின்றேன். சாமிக்குப் படைத்ததை எங்கள் சபையில் சாப்பிடுவதில்லை. பொங்கலை நீட்டினால் என்ன சொல்லி மறுப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மனைவி சின்னப் பானையோடு வந்தார்.

"இது தனியா பொங்கினது நர்சம்மா. ஆத்தாளுக்குக் காட்டல. உங்க சாமி கோச்சிக்காது, சாப்பிடுங்க."

இத்தனை காலம் என் விசுவாசத்தைப் பற்றி நான் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த விசுவாசத்துக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று அவர்கள் தனி அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். இலைமுன் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். தம்பி மனைவி இலையில் நெய்யை ஊற்றிவிட்டு, "அழுவாதீங்க, ஆறிப்பூடும்" என்று அதட்டினார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.