முதல் அடி

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அது கையில்தான் இருக்கிறது என்பது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நண்பகலில் தெரிந்தது.

மாமல்லபுரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். மீன் விற்கும் அம்மா ஒருவர் நடுச்சாலையில் கிடந்தார். கூடை நசுங்கி, மீனெல்லாம் தார் மேல் சிதறியிருந்தது. பக்கத்தில் ஒரு லோடு ஆட்டோ. அதன் டிரைவர் இரண்டு கையிலும் ரத்தத்தோடு அவர் மேல் குனிந்திருந்தான். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பள்ளிக்கூடத்தில் நூறு தடவை எழுதியவன் நான். வண்டியை நிறுத்தினேன், ஹெல்மெட்டைக் கழற்றினேன், அதாலேயே அவன் முகத்தில் ஓங்கி அடித்தேன். விசாரிக்க எங்கே நேரம்.

ஒருவன் கை வைத்தால் போதும், ஊருக்கே உரிமை வந்துவிடுகிறது. நின்ற வண்டிகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து மிதித்தார்கள். பல்லொன்று என் செருப்பருகே வந்து விழுந்தது. மறைப்பானேன், அந்த நிமிஷம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

அப்போது அந்த அம்மா கண் விழித்தார். "வுடுங்கடா அவன. இட்ச்சது காரு, அது பூட்ச்சி. இவன் என்னத் தூக்க வந்தவன்டா."

ஸ்டேஷனில் நானே முன்வந்து சாட்சி சொன்னேன். இடித்தது கார் என்று அந்த அம்மாவே சொன்னார், இவர் காப்பாற்ற வந்தவர், கூட்டம் தப்பாக நினைத்து அடித்துவிட்டது. ஒரு சொல் பொய்யில்லை. கூட்டம் என்ற சொல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வருஷம் கழித்து, சதுரங்கப்பட்டினத்து டீக்கடையில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். அந்த டிரைவர்தான். இடது கண்ணில் பார்வை இல்லை.

"அண்ணாத்த, நீதான? அன்னிக்கி நீ உள்ளத சொல்லலன்னா என்ன உள்ள வெச்சிருப்பானுங்க."

பெஞ்சிலிருந்த என் ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அதே ஹெல்மெட்.

"மொத அடிலயே கண்ணு பூட்ச்சி. இன்னா ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கல. எவன்னு பாத்தியா நீ?"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். "கும்பலா இருந்துச்சுப்பா" என்றேன். அதுவும் உண்மைதான். அடித்த அன்றுகூட இவ்வளவு கேவலமாக நான் உணரவில்லை.

"ஆமா, நீ இன்னா பண்ணுவ பாவம்" என்றார். நான் எழுந்ததும், ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த மண்ணைச் சட்டை நுனியால் துடைத்து நீட்டினார்.

"பாத்து போ, அண்ணாத்த."