வேலி பிரித்த நாள்

மலாயாவில் ரயில்வேக் கந்தோரில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, பென்சனும் கறுப்புக் கோட்டுமாக உரும்பிராய்க்குத் திரும்பியவன் நான். குடையோடு சந்திக்குப் போனால், என்னைக் கண்டு தோள் சால்வையை எடுப்பவர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்டவன் வீட்டில் பெண்சாதிக்குச் சீப்பெடுத்துத் தலை இழுத்து, சீலை தோய்த்து, கஞ்சி பருக்கிக்கொண்டிருக்கிறான் என்று வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும் என்று பயந்தேன்.

அவளுக்கு வந்தது நரம்பில் வரும் அபூர்வமான வருத்தம். முதலில் விரல்கள் தாமாகத் துள்ளின. பிறகு தோள், பிறகு கால். நித்திரையில் மட்டும்தான் அவள் உடம்பு சும்மா கிடக்கும். இதற்கு மருந்தில்லை, கூடிக்கொண்டுதான் போகும், போகப் போக விழுங்கவும் கதைக்கவும் கஷ்டப்படுவாள் என்று மிஷன் ஆஸ்பத்திரி டொக்டர் சொன்னார். ஊரார் பேய் என்றார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வேலைக்கு நின்ற மனுசியையும் நான் அனுப்பிவிட்டேன். அவளுக்கு வாய் நீளம்.

மருதனார்மடம் சந்தையில் யாராவது சுகம் விசாரித்தால், "ஓம், அவ சுகமா இருக்கிறா" என்பேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் என் சுபாவம் வெளியே வரும். அவள் கை தட்டிக் கஞ்சி என் வேட்டியில் கொட்டினால், "வேணுமெண்டு செய்யிறீரோ?" என்று கத்துவேன். வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கத்துவேன். கேட்க ஆளில்லை, சுற்றிவர வேலி இருந்தது.

வேலி என்றால் ஆளுயரத்துக்கு மேல், பின்னிய தென்னோலைக் கிடுகு வைத்துக் கட்டிய வேலி. பழைய கிடுகைப் பிரித்துத் தோட்டத்துக்குப் பசளையாகப் போட்டுவிட்டு, மழைக்கு முன்னர் புதிதாகக் கட்டுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். பிரித்த அன்று வளவு முழுவதும் அடுத்த வீட்டுக்குத் தெரியும். அதற்குப் பயந்து நான் பழசைப் பிரிக்காமல் அதன் மேலேயே புதுக் கிடுகை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். பென்சன்காரனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். கடைசியில் அந்தப் பாரம் தாங்காமல், சோளகக் காற்றில் ஒரு பக்க வேலி முழுவதும் படுத்துவிட்டது.

அடுத்த வளவுத் தோட்டக்காரன், என்னைவிட இளையவன், நான் கூப்பிடாமலே குத்தூசியோடு வந்தான். எல்லை வேலி இரண்டு வீட்டுக்கும் பொது. கட்டவும் இரண்டு பேர் வேண்டும். வெளியே நிற்பவர் கயிறு கோத்த ஊசியைக் கிடுகுக்குள்ளால் குத்த, உள்ளே நிற்பவர் கயிற்றை வாங்கிச் சுற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பாதி கட்டி முடியுமுன்னர் மத்தியானமாகிவிட்டது. விறாந்தையில் கிடந்தவள் பசியில் முனகினாள். உள்ளே தூக்கிக்கொண்டு போனால் அது இன்னும் பெரிய காட்சி. வேறு வழியில்லாமல் அங்கேயே இருத்தி, தலையைப் பிடித்துக்கொண்டு கஞ்சி பருக்கினேன். அவன் பார்க்கிறான் என்று முதுகு கூசியது.

"மெல்ல விழுங்கும். அவசரமில்லை" என்றேன்.

அவள் கை துள்ளிச் சிரட்டையைத் தட்டியது. கஞ்சி முழுவதும் என் மடியில் கொட்டியது.

"பரவாயில்லை, பரவாயில்லை. வேறை கொண்டாறன்."

அவள் என்னை வியப்பாகப் பார்த்தாள். பிறகு திரும்பாத நாக்கைத் திருப்பிக் கேட்டாள்:

"ஆர்... வந்திருக்கினம்?"

அவனுக்கும் கேட்டிருக்கும். குனிந்து, சிக்கில்லாத கயிற்றில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. எந்தத் துரையிடமும் நான் அப்படிக் கூனிக் குறுகி நின்றதில்லை.

மறுபடி கட்டத் தொடங்கினோம். எங்களுக்கு நடுவே கிடுகு உயர்ந்து முகம் மறைந்த பிறகுதான் அவன் வாய் திறந்தான்.

"அண்ணை, நீங்கள் அக்காவுக்குத் தலை இழுத்து விடுறது, சீலை தோய்க்கிறது எல்லாம் ஊருக்குத் தெரியும். அதை ஒருத்தரும் பிழையாக் கதைக்கேல்லை." ஊசி என் பக்கம் வந்தது. "நீங்கள் அக்காவை ஏசுற நேரத்திலைதான், என்ரை மனுசி சாப்பிடாமல் எழும்பிப் போயிடுவா."

நான் கயிற்றைச் சுற்றி ஊசியைத் திருப்பிக் கொடுத்தேன். இத்தனை காலம் எதை மூடி மறைத்தேன், எதை ஊர் கேட்க விட்டேன் என்று நினைக்க உடம்பு கூசியது.

பொழுதுபடமுன் வேலி முடிந்தது. அவன் போய்விட்டான். விளக்கை ஏற்றி அவளுக்கு இராக் கஞ்சி கொண்டு போனேன். இரண்டாம் வாயிலேயே கை துள்ளிக் கஞ்சி என் நெஞ்சில் கொட்டியது. வாய்வரை வந்த ஏச்சை விழுங்கிக்கொண்டு, "பரவாயில்லை" என்றேன்.

அவள் புது வேலிப் பக்கம் கண்ணைத் திருப்பினாள்.

"அவை... இன்னும் போகேல்லையோ?"

"ஓம்," என்றேன். "இன்னும் போகேல்லை."